வேர்டு ரூலரில் உள்ள முக்கோணங்கள்: இன்டென்ட், டேப் பற்றிய முழுமையான வழிகாட்டி

தமிழில் அடித்த ஏதாவது ஒரு விண்ணப்பத்தையோ கேள்வித்தாளையோ மைக்ரோசாஃப்ட் வேர்டில் திறந்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எழுத்துகளுக்கு நடுவே சின்னச் சின்னப் புள்ளிகளும் அம்புக்குறிகளும் தோன்றும். புள்ளி ஒவ்வொன்றும் ஒரு ஸ்பேஸ், அம்பு ஒவ்வொன்றும் ஒரு டேப். பல கோப்புகளில் பத்தி தொடங்கும் இடத்தில் ஐந்து புள்ளி இருக்கும். ‘இப்படிக்கு’ என்பதற்கு முன்னால் ஏழெட்டு அம்புகள் இருக்கும். ‘பொருள்’ என்று தொடங்கும் வரி மடங்கி இறங்கும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் வரிசையாக நிற்கும். திரையில் பார்க்க எல்லாம் ஒழுங்காகத் தெரியும். எழுத்துருவை மாற்றியதும் அந்த ஒழுங்கு போய்விடும்.

தட்டச்சுப் பொறியில் ஸ்பேஸ் தட்டி இடம் விடுவது சரியான முறைதான். அங்கே ஒவ்வொரு தட்டுக்கும் உருளை ஒரே அளவுதான் நகரும். கணினியில் ஸ்பேஸின் அகலம் எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். இரண்டு ஓரமும் நேராக நிற்கும்படி ஜஸ்டிஃபை செய்த பத்தியில் அது வரிக்கு வரியே மாறும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எழுத்துகள் சரியாக மாறியிருக்கும், ஆனால் ஸ்பேஸ் தட்டி நிறுத்திய ஓரங்கள் எல்லாம் மேலும் கீழுமாகக் கலைந்திருக்கும். அதைச் சரிசெய்யவே ஒரு மாலை போய்விடும்.

இதற்கான தீர்வு பக்கத்தின் உச்சியிலேயே இருக்கிறது, ரூலர் என்ற அந்த அளவுகோல். அதில் நான்கு குறிகளும் சில டேப் அடையாளங்களும் மட்டுமே உண்டு. அவற்றைப் படிக்கத் தெரிந்துவிட்டால் விண்ணப்பம், கேள்வித்தாள், துணைநூற்பட்டியல், நாடக வசனம் எல்லாவற்றையும் ஒரு ஸ்பேஸ்கூடத் தட்டாமல் அமைக்கலாம்.

ரூலரை வரவழைப்பது

வேர்டில் ‘வியூ’ தாவலுக்குப் போய், ‘ஷோ’ என்ற பகுதியில் ‘ரூலர்’ என்பதன் பக்கத்திலுள்ள கட்டத்தைத் தேர்வு செய்யுங்கள். மேலே கிடைமட்டமாக ஒன்றும், இடப்பக்கம் செங்குத்தாக ஒன்றும் வரும். செங்குத்து ரூலர் ‘பிரிண்ட் லேஅவுட்’ பார்வையில் மட்டுமே தெரியும். மேல், கீழ் மார்ஜினையும் அட்டவணையின் வரிசை உயரத்தையும் மாற்ற உதவுவது அது. இந்த வழிகாட்டிக்கு மேலே இருப்பது போதும்.

லிப்ரேஆபிஸ் ரைட்டரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் சேர்த்து அழுத்தினால் ரூலர் வரும், மறுபடி அழுத்தினால் மறையும். கூகுள் டாக்ஸில் ‘வியூ’ பட்டியலில் ‘ஷோ ரூலர்’.

அளவு அங்குலத்தில் காட்டினால் சென்டிமீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நம் கையில் இருக்கும் ஸ்கேலும் ஏ4 தாளும் சென்டிமீட்டர், மில்லிமீட்டர் கணக்கில்தான் பழக்கம். வேர்டில் ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்டு’ என்று போய், ‘டிஸ்ப்ளே’ பகுதிவரை இறங்கினால் அளவு அலகைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி இருக்கிறது. லிப்ரேஆபிஸில் ரூலர் மீதே வலது கிளிக் செய்து அலகை மாற்றலாம்.

பூஜ்ஜியம் எங்கே நிற்கிறது

ரூலரில் வெள்ளைப் பகுதி ஒன்று, அதன் இருபுறமும் சாம்பல் பகுதி. சாம்பல் என்பது மார்ஜின், வெள்ளை என்பது எழுத்து விழும் இடம். பூஜ்ஜியம் தாளின் விளிம்பில் இல்லை, சாம்பலும் வெள்ளையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. ஆகவே ‘2’ என்று ரூலர் காட்டும் இடம், இடது மார்ஜினிலிருந்து 2 செ.மீ. தள்ளிய இடம்.

ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இருபுறமும் 2.54 செ.மீ. மார்ஜின் விட்டால், அதாவது ஓர் அங்குலம் விட்டால், எழுத்துக்கு மிஞ்சுவது 15.92 செ.மீ. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணை வலது ஓரத்தில் நிறுத்தும்போது இது வேண்டும். உங்கள் மார்ஜின் வேறாக இருந்தால் 21-லிருந்து இரண்டு மார்ஜினையும் கழித்து நீங்களே கண்டுகொள்ளலாம்.

மார்ஜின் முழுப் பக்கத்துக்கும், இன்னும் சரியாகச் சொன்னால் அந்தப் பிரிவு முழுவதற்கும் பொது. இன்டென்ட், அதாவது பத்தியின் வரிகளை மார்ஜினிலிருந்து உள்ளே தள்ளும் அளவு, அப்படி இல்லை, அது ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனி. கர்சரை ஒரு பத்தியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்திக்கொண்டே ரூலரைக் கவனியுங்கள். முக்கோணங்கள் இடம் மாறும். அந்த நேரத்தில் கர்சர் எந்தப் பத்தியில் இருக்கிறதோ, அந்தப் பத்தியின் நிலையைத்தான் ரூலர் காட்டுகிறது. “ஒரு பத்திதான் மாறியது, மற்றவை மாறவில்லையே” என்று பலர் குழம்புவது இதனால்தான். பல பத்திகளை மாற்ற வேண்டுமானால் முதலில் அவற்றைத் தேர்வு செய்துவிட்டு, பிறகு ரூலரைத் தொட வேண்டும்.

நான்கு குறிகள்

வலது ஓரத்தில் ஒரே ஒரு முக்கோணம். அது வலது இன்டென்ட். பத்தியின் வரிகள் வலப்பக்கம் எதுவரை போகலாம் என்பதை அது சொல்கிறது. அதில் குழப்பம் ஏதும் இல்லை.

இடது ஓரத்தில் மூன்று குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். எல்லாருக்கும் கை தடுமாறும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

மேலே, கீழ்நோக்கிய முக்கோணம்: பத்தியின் முதல் வரி எங்கே தொடங்க வேண்டும் என்பது.

அதன் கீழே, மேல்நோக்கிய முக்கோணம்: இரண்டாம் வரியிலிருந்து மீதி எல்லா வரிகளும் எங்கே தொடங்க வேண்டும் என்பது. வேர்டு இதை ‘ஹேங்கிங் இன்டென்ட்’ என்கிறது.

அடியில், சின்னச் செவ்வகம்: இடது இன்டென்ட். இதற்கென்று தனி இடம் கிடையாது. கீழ் முக்கோணமும் செவ்வகமும் எப்போதும் ஒட்டியே நகரும். எதைப் பிடித்து இழுக்கிறீர்கள் என்பதில்தான் வேறுபாடு. கீழ் முக்கோணத்தைப் பிடித்து இழுத்தால் மேல் முக்கோணம் இருந்த இடத்திலேயே நிற்கும். செவ்வகத்தைப் பிடித்து இழுத்தால் மேல் முக்கோணமும் கூடவே வரும், இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் மாறாது.

இதை ஒருமுறை கையால் செய்து பார்த்துவிடுங்கள். நான்கைந்து வரி நீளமுள்ள பத்தி ஒன்றை அடித்து, கர்சரை அதற்குள் வையுங்கள்.

1. மேல் முக்கோணத்தை 1-க்கு இழுங்கள். முதல் வரி மட்டும் உள்ளே போகும்.
2. செவ்வகத்தை 2-க்கு இழுங்கள். மொத்தப் பத்தியும் நகரும். மீதி வரிகள் 2-இல், முதல் வரி 3-இல்.
3. மேல் முக்கோணத்தை மட்டும் 0-க்குக் கொண்டுவாருங்கள். இப்போது முதல் வரி வெளியே நீண்டு, மற்றவை உள்ளே நிற்கும். ஹேங்கிங் என்பது இதுதான்.
4. கீழ் முக்கோணத்தை 0-க்கு இழுங்கள். பத்தி பழையபடி நேராகிவிடும்.

எந்தக் குறி எது என்று மறந்தால் மவுஸை அதன்மீது சற்று நிறுத்துங்கள், பெயர் தோன்றும். இழுக்கும்போது ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்திருந்தால் ரூலரில் தூரம் சென்டிமீட்டரில் எழுதிக் காட்டப்படும். குறியும் தாவித் தாவிப் போகாமல் வழுக்கிக்கொண்டு நகரும். நான் அறிந்தவரை அதிகம் பேர் பயன்படுத்தாத, ஆனால் மிகவும் பயனுள்ள வசதி இது.

எண்ணாகக் கொடுக்கும் வழி

மவுஸால் இழுப்பது பழகுவதற்கு நல்லது. ஆவணம் பெரிதானால், ஒரு பத்தியில் 1.25, அடுத்த பத்தியில் 1.3 என்று கண்ணுக்குப் பிடிபடாத பிசிறு சேர்ந்துவிடும். அப்போது எண் கொடுப்பதே மேல். முக்கோணம் எதன்மீதாவது இருமுறை கிளிக் செய்தால் ‘பாராகிராஃப்’ பெட்டி திறக்கும். அதில் ‘லெஃப்ட்’, ‘ரைட்’ என்று இரண்டு கட்டங்கள். பக்கத்தில் ‘ஸ்பெஷல்’ என்ற பட்டியலில் ‘ஃபர்ஸ்ட் லைன்’, ‘ஹேங்கிங்’ என்ற இரண்டு தேர்வுகள். எவ்வளவு என்பதற்கு ‘பை’ என்ற கட்டம்.

ஹேங்கிங் தேர்ந்தெடுக்கும்போது ‘லெஃப்ட்’ கட்டத்திலுள்ள எண் எதைக் குறிக்கிறது என்பதில் பலருக்கு ஐயம் வரும். வேர்டைப் பொறுத்தவரை அது மேல், கீழ் முக்கோணங்களில் எது இடப்பக்கமாக இருக்கிறதோ, அதன் இடம். மற்றது அங்கிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை ‘பை’ சொல்லும். லெஃப்ட் 0, ஹேங்கிங் 1.27 என்றால் முதல் வரி 0-இல், மற்றவை 1.27-இல். லெஃப்ட் 2, ஃபர்ஸ்ட் லைன் 1 என்றால் மற்ற வரிகள் 2-இல், முதல் வரி 3-இல்.

லிப்ரேஆபிஸின் கணக்கு வேறு. அங்கே ‘பிஃபோர் டெக்ஸ்ட்’ என்பது எப்போதும் மீதி வரிகளின் இடம். முதல் வரியை வெளியே நீட்ட வேண்டுமானால் ‘ஃபர்ஸ்ட் லைன்’ கட்டத்தில் கழித்தல் குறியோடு எண் கொடுக்க வேண்டும். வேர்டில் லெஃப்ட் 0, ஹேங்கிங் 1.27 என்பது அங்கே பிஃபோர் டெக்ஸ்ட் 1.27, ஃபர்ஸ்ட் லைன் -1.27 ஆகிறது. இரண்டு மென்பொருளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர்கள் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும், எண்கள் ஒத்துப்போகவில்லையே என்று திகைக்க வேண்டியதில்லை.

பத்தியின் முதல் வரி

கட்டுரை, கதை, கடிதம் எல்லாவற்றிலும் அதிகம் தேவைப்படுவது முதல் வரியை உள்ளே தள்ளுவது. கண்ட்ரோல், ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து மேல் முக்கோணத்தை இழுத்தால் தலைப்புகளும் சேர்ந்து நகரும். ஆகவே உரைப் பத்திகளை மட்டும் தேர்ந்து, ஃபர்ஸ்ட் லைன் 1 செ.மீ. கொடுங்கள். 11, 12 பாயின்ட் அளவுத் தமிழ் எழுத்துக்கு 1 செ.மீ. போதும் என்பது என் கணிப்பு. வேர்டு தானாகத் தரும் 1.27 கொஞ்சம் அதிகமாகத் தோன்றும், தவறு ஒன்றும் இல்லை.

தலைப்பை ஒட்டி வரும் முதல் பத்திக்கு இன்டென்ட் தேவையில்லை. அங்கே புதுப் பத்தி தொடங்குகிறது என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. அதேபோல, பத்திகளுக்கு நடுவே வெற்றிடம் விடுவதும் முதல் வரியைத் தள்ளுவதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வேர்டின் புதிய ஆவணத்தில் ஒவ்வொரு பத்திக்குப் பின்னும் 8 பாயின்ட் இடைவெளி தானாக இருக்கும். முதல் வரி இன்டென்ட் வைத்தால் அதே பெட்டியில் ‘ஆஃப்டர்’ என்பதை 0 ஆக்கிவிடுங்கள்.

ஒரு முறை அமைத்துவிட்டால் என்டர் தட்டும்போதெல்லாம் அடுத்த பத்தி அதே அமைப்பை எடுத்துக்கொள்ளும். இதற்குக் காரணம், பத்தியின் எல்லா அமைப்புகளும் அதன் முடிவிலுள்ள பத்திக்குறியில் சேமிக்கப்பட்டிருப்பதுதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 அழுத்தும்போது ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் தெரிகிறதே, அந்தக் குறி. என்டர் தட்டினால் அதன் நகல் ஒன்று பிறக்கிறது. அந்தக் குறியை அழித்துவிட்டால் இரண்டு பத்திகளும் ஒன்றாகிவிடும், ஒன்றின் அமைப்பு மறைந்துவிடும். வரிகளை வெட்டி ஒட்டும்போது பத்தி திடீரென்று வேறு இடத்தில் போய் நின்றால் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு என்டர் தட்டினால் புது வரி மட்டும் வரும், புதுப் பத்தி வராது. அதனால் முதல் வரி இன்டென்ட் அங்கே செயல்படாது. முகவரி, கவிதை வரிகளுக்கு இது உதவும்.

‘பொருள்’ வரியும் மற்ற ஹேங்கிங் இடங்களும்

அலுவலகக் கடிதம் எழுதுபவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். ‘பொருள்:’ என்று எழுதி, பொருளின் விவரம் இரண்டு மூன்று வரி போகும். இரண்டாம் வரி ‘பொருள்’ என்ற சொல்லுக்கு அடியில் வராமல், விவரம் தொடங்கிய இடத்துக்கு நேர் கீழே வர வேண்டும். ஸ்பேஸ் தட்டித் தட்டி இதைச் செய்தால், நடுவில் ஒரு சொல் சேர்த்ததும் எல்லாம் குலைந்துவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ‘பொருள்:’ என்று அடியுங்கள். ஒரே ஒரு முறை டேப் தட்டுங்கள். விவரத்தை முழுதும் அடியுங்கள், வரி முடிந்தால் தானாக மடங்கட்டும், என்டர் வேண்டாம். பிறகு கீழ் முக்கோணத்தைப் பிடித்து 2.5-க்கு இழுங்கள். மேல் முக்கோணம் 0-இல் நிற்கும், மடங்கிய வரிகள் 2.5-இல் வந்து நிற்கும். நீங்கள் தட்டிய டேப்பும் சரியாக 2.5-க்குப் போய் நிற்கும். ஹேங்கிங் இருக்கும் பத்தியில் அந்த இடத்தையே ஒரு டேப் நிறுத்தமாக வேர்டு எடுத்துக்கொள்வதே காரணம்.

அடுத்து ‘பார்வை:’ வரிக்கும் இதே அளவு கொடுத்தால் இரண்டின் விவரங்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். கடிதத்துக்கு அதுவே ஓர் ஒழுங்கைத் தந்துவிடும்.

முன்னால் வரும் சொல் அந்த அளவைவிட நீளமாக இருந்தால் டேப் 2.5-ஐத் தாண்டி அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும். நாடக வசனம் அமைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாத்திரங்களின் பெயர்களில் மிக நீளமானது எது என்று பார்த்து, அது அடங்கும் அளவுக்கு, பெரும்பாலும் 3.5 அல்லது 4 செ.மீ., ஹேங்கிங் வையுங்கள். பெயர், டேப், வசனம். வசனம் எத்தனை வரி போனாலும் பெயர்கள் மட்டும் இடப்பக்கம் தனித்துத் தெரியும், நடிப்பவர்கள் தங்கள் வரியைத் தேட வேண்டியிருக்காது.

துணைநூற்பட்டியலில் டேப் வேண்டியதில்லை. ஆசிரியர் பெயர் ஓரத்திலிருந்து தொடங்கும், மடங்கும் வரிகள் 1.27 செ.மீ. உள்ளே போகும். பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், டி அழுத்தினால் வேர்டு ஒரே அடியில் செய்துவிடும். நீக்குவதற்கு கண்ட்ரோல், ஷிஃப்ட், டி.

மேற்கோளும் செய்யுளும்

நீண்ட மேற்கோளைத் தனியாகக் காட்ட, அந்தப் பத்தியில் கர்சரை வைத்து செவ்வகத்தை 1.25-க்கும் வலது முக்கோணத்தை அதே அளவு உள்ளேயும் இழுங்கள். இடது பக்கம் மட்டும் போதுமென்றால் கண்ட்ரோல், எம். ஒவ்வொரு முறையும் 1.27 செ.மீ. உள்ளே போகும். வெளியே கொண்டுவர கண்ட்ரோல், ஷிஃப்ட், எம்.

தமிழில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டி ஒட்டி நம் சொற்கள் நீண்டுவிடுகின்றன. இருபுறமும் சுருக்கிய பத்தியை ஜஸ்டிஃபை செய்தால் ஒரு வரியில் நான்கு சொல்தான் பிடிக்கும். மிச்ச இடமெல்லாம் அந்த நான்குக்கும் நடுவே வெள்ளையாகப் பரவி, படிக்கிற கண் தடுக்கி விழும். குறுகலான பத்திகளை இடது ஓரத்தில் மட்டும் சீராக விடுங்கள், அதாவது கண்ட்ரோல், எல். வலது ஓரம் ஏற்ற இறக்கமாக இருப்பது ஒரு குறையே இல்லை.

செய்யுளுக்கு இது இன்னும் பொருந்தும். குறள் வெண்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. முதல் அடிக்குப் பின் ஷிஃப்ட், என்டர் தட்டி, பத்தி ஜஸ்டிஃபையில் இருந்தால், வேர்டு அந்த நான்கு சீரையும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இழுத்து நீட்டிவிடும். அச்சான நூல்களிலேயே இந்தக் கோலத்தைக் காணலாம், பார்க்கவே வருத்தமாக இருக்கும். கர்சரை அங்கே வைத்து கண்ட்ரோல், எல் அழுத்தி, செவ்வகத்தை 2 அல்லது 3-க்கு இழுத்தால் செய்யுள் தன் வடிவத்தில் நிற்கும்.

டேப் நிறுத்தங்கள்

ரூலரின் கீழ் விளிம்பில் ஒரு கிளிக் செய்தால் சின்ன ‘ட’ வடிவக் குறி ஒன்று விழும். அது டேப் நிறுத்தம், டேப் விசையைத் தட்டினால் கர்சர் அங்கே போய் நிற்கும். நீங்கள் எதுவும் வைக்காவிட்டால் வேர்டு 1.27 செ.மீ.க்கு ஒன்றாகத் தானே வைத்திருக்கும். நீங்கள் ஒன்றை வைத்ததும் அதற்கு இடப்பக்கமுள்ள தானியங்கி நிறுத்தங்கள் அந்தப் பத்தியில் மறைந்துவிடும். வேண்டாத நிறுத்தத்தை ரூலரிலிருந்து கீழே இழுத்து விட்டுவிட்டால் போய்விடும்.

ரூலரின் இடது கோடியில், இரண்டு ரூலரும் சந்திக்கும் மூலையில், சின்னக் கட்டம் ஒன்று இருக்கும். அதைக் கிளிக் செய்யச் செய்ய டேப்பின் வகை மாறும்: இடது, நடு, வலது, தசமம், செங்குத்துக் கோடு. அதற்கும் மேல் கிளிக் செய்தால் முதல் வரி இன்டென்ட், ஹேங்கிங் இன்டென்ட் குறிகளும் வரும். இவற்றில் நம் வேலைக்கு வலது டேப்பும் தசம டேப்பும்தான் பொக்கிஷம்.

கேள்வித்தாளை எடுங்கள். கேள்வி இடப்பக்கம், மதிப்பெண் வலது ஓரத்தில் ஒரே நேர்கோட்டில். கேள்விகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பெட்டியின் அடியிலுள்ள ‘டேப்ஸ்’ பொத்தானை அழுத்துங்கள். இடம் 15.92, வகை ‘ரைட்’ என்று கொடுத்து ‘செட்’ அழுத்துங்கள். இனி ஒவ்வொரு கேள்வியின் முடிவிலும் ஒரு டேப், பிறகு மதிப்பெண். ‘5’ ஆனாலும் ‘10’ ஆனாலும் வலது விளிம்பு பிசகாது. கேள்வி இரண்டு வரி போனாலும் கடைசி வரியின் கோடியில் மதிப்பெண் சரியாக நிற்கும்.

இதே பெட்டியில் ‘லீடர்’ என்ற பகுதியில் புள்ளிக்கோட்டைத் தேர்ந்தெடுத்தால் பொருளடக்கத்தில் தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே புள்ளிகள் தாமாக நிரம்பும். அடிக்கோட்டைத் தேர்ந்தெடுத்தால் படிவங்களில் ‘பெயர்’, ‘முகவரி’ என்பவற்றின் பக்கத்தில் எழுதுவதற்குக் கோடு கிடைக்கும். புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தட்டி நிரப்பும் வேலையை இன்றோடு விட்டுவிடலாம்.

செலவுக் கணக்குக்குத் தசம டேப். 85.50, 1,250.00 எதை அடித்தாலும் புள்ளி ஒரே நேர்கோட்டில் நிற்கும்.

‘இப்படிக்கு’, கையெழுத்து, பெயர், பதவி என்ற நான்கு வரிகளுக்கு டேப் வேண்டாம், வலது ஓரச் சீரமைப்பும் வேண்டாம். வலது ஓரத்துக்குத் தள்ளினால் வரிகளின் தொடக்கம் படிக்கட்டு போல ஆகிவிடும். நான்கையும் தேர்ந்தெடுத்துச் செவ்வகத்தை 10-க்கு இழுங்கள். நான்கும் ஒரே இடத்தில் தொடங்கும்.

எண்ணிட்ட பட்டியல், அட்டவணை

எண்ணிட்ட பட்டியலில் ரூலரைத் தொட வேண்டாம் என்பதே என் பரிந்துரை. இழுத்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த வரி மட்டும் மாறி, மற்ற எண்களோடு ஒட்டாமல் நிற்கும். பட்டியலின் எண் ஒன்றின்மீது வலது கிளிக் செய்து ‘அட்ஜஸ்ட் லிஸ்ட் இன்டென்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எண் எங்கே, உரை எங்கே என்று இரண்டு எண் கொடுத்தால் அந்த நிலையிலுள்ள எல்லா வரிகளும் சேர்ந்து மாறும். தமிழில் ‘(அ)’, ‘(ஆ)’ என்று அடைப்புக்குறியோடு இட்டால் எண்ணைவிட இடம் கூடுதலாகத் தேவைப்படும். உரையின் தொடக்கத்தை எண்ணிலிருந்து 1 செ.மீ. ஆவது தள்ளி வையுங்கள்.

அட்டவணைக்குள் கர்சரை வைத்தால் ரூலர் வேறு மாதிரி ஆகும். நெடுவரிசைகளின் எல்லைகளும் அதில் தெரியும், அவற்றை இழுத்து அகலத்தை மாற்றலாம். கர்சர் நிற்கும் கட்டத்துக்கு மட்டும் அதற்கே உரிய பூஜ்ஜியமும் முக்கோணங்களும் இருக்கும். கட்டத்துக்குள் டேப் தட்டினால் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும். டேப் இடமே வேண்டுமானால் கண்ட்ரோல் அழுத்திக்கொண்டு டேப் தட்டுங்கள்.

கூகுள் டாக்ஸ், லிப்ரேஆபிஸ்

கூகுள் டாக்ஸில் இடப்பக்கம் இரண்டே குறிகள்: நீலச் செவ்வகம் முதல் வரிக்கு, அதன் கீழுள்ள நீல முக்கோணம் இடது இன்டென்டுக்கு. வேர்டில் செவ்வகம் கீழே, இங்கே மேலே. வேர்டிலிருந்து வருபவர்கள் தடுமாறுவது இதனால்தான். முக்கோணத்தை இழுத்தால் செவ்வகமும் கூடவே வரும். எனவே ஹேங்கிங் வைக்க முதலில் முக்கோணத்தை உள்ளே இழுத்து, பிறகு செவ்வகத்தை மட்டும் பழைய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். எண்ணாகக் கொடுக்க ‘ஃபார்மேட்’, ‘அலைன் அண்ட் இன்டென்ட்’, ‘இன்டென்டேஷன் ஆப்ஷன்ஸ்’. ரூலரில் கிளிக் செய்தால் இடது, நடு, வலது டேப்களில் எது வேண்டும் என்று கேட்கும்.

லிப்ரேஆபிஸில் கீழ் முக்கோணத்தை இழுத்தால் மேல் முக்கோணமும் சேர்ந்து வரும். கீழ் முக்கோணத்தை மட்டும் நகர்த்த கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இழுங்கள்.

ஏதாவது பிசகினால்

முக்கோணத்தைப் பிடிக்கப் போய் மொத்தப் பக்கமும் நகர்ந்துவிட்டதா? நீங்கள் பிடித்தது மார்ஜினின் எல்லை. உடனே கண்ட்ரோல், இசட். மவுஸின் அடையாளம் இருபுற அம்பாக மாறினால் அது மார்ஜின் என்று தெரிந்துகொள்ளுங்கள். மார்ஜினை ‘லேஅவுட்’ தாவலிலிருந்தே மாற்றுவது நல்லது, இடப்பக்க ரூலரில் எல்லாம் மிக நெருக்கமாக இருக்கின்றன.

எழுத்து மார்ஜினுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறதா? முக்கோணங்கள் சாம்பல் பகுதிக்குள் போயிருக்கும். பாராகிராஃப் பெட்டியில் கழித்தல் குறியோடு எண் இருக்கும், அதை 0 ஆக்குங்கள்.

டேப் அடையாளங்கள் மங்கலாகத் தெரிகின்றனவா? நீங்கள் தேர்ந்தெடுத்த பத்திகள் எல்லாவற்றிலும் அந்த நிறுத்தம் இல்லை என்று பொருள்.

பத்தியின் தொடக்கத்தில் டேப் தட்டினால் அம்பு விழாமல் மேல் முக்கோணம் நகர்கிறதா? அது பிழை இல்லை. டேப்பையும் பேக்ஸ்பேஸையும் கொண்டு இன்டென்டை மாற்றும் வசதி வேர்டின் ‘ஆட்டோகரெக்ட்’ அமைப்புகளில், ‘ஆட்டோஃபார்மேட் அஸ் யூ டைப்’ என்ற தாவலில் இருக்கிறது. வேண்டாமென்றால் அங்கே அணைத்துவிடலாம்.

இணையத்திலிருந்து ஒட்டிய பத்தி தன் போக்கில் நிற்கிறதா? கர்சரை அதற்குள் வைத்து கண்ட்ரோல், க்யூ அழுத்துங்கள். கையால் கொடுத்த பத்தி அமைப்புகள் நீங்கி, அந்தப் பத்தியின் ஸ்டைலுக்கு, அதாவது ஒரு பெயரில் சேமித்த அமைப்புகளின் தொகுப்புக்கு, உரிய நிலைக்குத் திரும்பும்.

பழைய கோப்பைத் துப்புரவு செய்வது

ஸ்பேஸ்களால் நிறைந்த கோப்பு ஒன்று கையில் வந்தால் முதலில் அதன் நகலை எடுத்துவையுங்கள். பிறகு கண்ட்ரோல், எச் அழுத்தி, ‘மோர்’, ‘ஸ்பெஷல்’ என்ற பட்டியலிலிருந்து பத்திக்குறியைத் தேடும் பெட்டியில் இட்டு, அதை ஒட்டி ஒரு ஸ்பேஸ் தட்டுங்கள். மாற்றும் பெட்டியில் பத்திக்குறி மட்டும். ‘ரீப்ளேஸ் ஆல்’ அழுத்துங்கள். எத்தனை மாற்றங்கள் என்று சொல்லும். பூஜ்ஜியம் என்று வரும்வரை திரும்பத் திரும்ப அழுத்துங்கள். பத்தித் தொடக்கத்து ஸ்பேஸ்கள் அத்தனையும் போய்விடும். ஆவணத்தின் முதல் பத்திக்கு முன்னால் பத்திக்குறி இல்லாததால் அதை மட்டும் கையால் நீக்க வேண்டும்.

அதன்பின் ஒவ்வொரு பத்தியாக முக்கோணத்தை இழுக்காதீர்கள். ஒரு பத்தியைச் சரியாக அமைத்து, ‘ஹோம்’ தாவலில் ‘ஸ்டைல்ஸ்’ பகுதியில் அந்தப் பத்தியின் ஸ்டைல் மீது வலது கிளிக் செய்து, தேர்ந்தெடுத்த பத்திக்கு ஏற்ப ஸ்டைலைப் புதுப்பிக்கும் வரியைச் சொடுக்குங்கள். அந்த ஸ்டைலில் உள்ள மற்றப் பத்திகளும் உடனே மாறும். கையால் தனியாக மாற்றியவை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும், அவற்றுக்குக் கண்ட்ரோல், க்யூ. ‘நார்மல்’ ஸ்டைலையே மாற்றினால் அதை அடியாகக் கொண்ட தலைப்புகளும் நகரக்கூடும். அதனால் ‘உரைப் பத்தி’, ‘பொருள் வரி’, ‘செய்யுள்’ என்று உங்கள் பெயரில் புது ஸ்டைல்களை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் இன்டென்டை அதிலேயே வைத்துவிடுங்கள். அந்த ஆவணத்தை டெம்ப்ளேட் வடிவில் சேமித்தால் அடுத்த கடிதம் திறக்கும்போதே முக்கோணங்கள் தத்தம் இடத்தில் இருக்கும்.